சல்லிக் கூட்டக் குறிப்பில் விடுபட்டவை

எங்கள் ஊரின் பேர் சல்லி.
பேரில் மட்டும்தான் சல்லி இருக்கிறது என்று
வங்கி மனேஜர் பகிடி விட்டபோது
ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதை நான் எழுதவில்லை.

எழுதியது இவ்வளவுதான்:
மகளிர் கடற்றொழிற் சங்கம். வருகை பதினெட்டு.
பொருள், மீன் புகைக்கும் அடுப்பு.
தலைவி ஆட்சேபித்தார். பிறகு ஏற்றுக்கொண்டார்.

அந்தப் ‘பிறகு’க்குள்
நாலு மாதம் கிடக்கிறது.

சோளகத்தில் சூடை படும்.
கரைவலை மணலேறும்போது
முழங்காலளவு வெள்ளி.
காலையில் கிலோ இருநூறு,
வெயில் ஏற ஏற எண்பது,
இரண்டு மணிக்கு நாய்களும் முகம் திருப்பும்.
வாடையில் கடல் வாசலைச் சாத்திவிடும்.
அப்போது கடையில் கடனுக்கு
ரின்மீன் வாங்குகிற மீன்காரர் நாங்கள்.

உதவி முன்பும் வந்ததுதான்.
கரண்ட் வராத இடத்துக்கு ஒரு குளிரறை,
அதைவிடப் பெரிதாய் ஒரு பெயர்ப்பலகை.
பலகை இப்போது
ஜெஸீமாவின் கோழிக்கூட்டுக்குக் கூரை.
நல்ல தகரம், குறை சொல்ல முடியாது.

அவள் வந்தபோது பலகை கொண்டுவரவில்லை.
கானா நாட்டுக் கடற்கரைக்காரி.
கொழும்பில் ஏதோ பயிற்சி முடித்து
ஆறு நாள் லீவில் பஸ் ஏறி வந்தவள்.
பேர் கொர்க்கோர்.
இரண்டாவது பெண்ணாய்ப் பிறந்தால்
அவர்களிடம் அதுதான் பேராம்.
இளையக்கா என்றோம். திரும்பிப் பார்த்தாள்.

மொழிபெயர்க்க வந்த பெடியன்
இரண்டாம் நாளே வயிற்றோட்டத்தில் படுத்தான்.
அதற்குப் பிறகுதான் வேலை ஓடியது.
மண்ணை அவள் முகர்ந்து பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.
நாங்கள் புற்றுமண் அள்ளி வந்தோம்,
தலையாட்டினாள்.

“எங்கட முறைக்கு இது சரிவராது,
வேற நாட்டு விசயம்” என்றார் தலைவி இராசபூபதி,
கதிரையில் சாய்ந்தபடி.
இரும்புக்கம்பிக்கு விலை சொல்ல
பாலையூற்றிலிருந்து வந்திருந்த பல்தசார்
தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:
“அக்கா, நீங்க இருக்கிறதே
எங்கட ஆக்கள் கப்பலிலை கொண்டுவந்த சொல்லிலைதான்.
வேணுமெண்டா எழும்பி நில்லுங்கோ.”
அவர் எழும்பவில்லை.
கதிரைதான் ஒருமுறை கிறீச்சிட்டது.

முதல் அடுப்பு வெடித்தது.
இளையக்கா அப்போது விமானத்தில்.
யாரைத் திட்டுவது?
இரண்டாவதை நாங்களே பிசைந்தோம்,
அவள் காட்டிய அளவில் ஒரு சாண் குறைத்து.
அவள் ஊரில் விறகு, இங்கே ஊமலும் பொச்சுமட்டையும்.
கம்பிவலைத் தட்டு உப்புக்காற்றில்
ஒரு மாதத்தில் துருவாய் உதிர்ந்தது.
தென்னை ஈர்க்கைப் பின்னிப் போட்டோம்.
மூன்று தடவைக்கு மேல் தாங்காது.
நாலாவது தடவைக்கு மரம் நிற்கிறது.
கொறுக்காய் தடவலாம் என்றது ஜெஸீமா.
அவளே இறக்கக்கண்டிக்குக் கொண்டுபோய் விற்றாள்,
வெறும் பையோடு வந்தாள்,
ருசி பார்க்கக்கூட ஒன்று மிஞ்சவில்லை என்று
இராசபூபதி அக்கா கோபித்தார்.
அடுத்த நாள் காலை
அடுப்படிக்கு முதலில் வந்தவரும் அவர்தான்.

வாடை வந்தது.
கடல் தன் வாசலைச் சாத்தியது.
எங்களிடம் அறுபது கிலோ இருந்தது.
கடைக் கொப்பியில் அந்த மாதம்
எங்கள் பக்கம் வெறுமை.

இலாபத்தில் முன்பள்ளிக்கு இரண்டு கக்கூசு.
அது ஒல்லாந்தன் விட்டுப்போன சொல்லாம்,
பல்தசார் மறக்காமல் சொன்னார்.
பிள்ளைகளுக்கு அவசரம்,
யார் சொல் என்று கேட்க நேரமில்லை.

நேற்று போனில் ஒரு படம் வந்தது.
வேறு கடல், வேறு மணல்,
அடுப்பின் மேல் ஈர்க்குத் தட்டு,
பின்னலில் எங்கள் முடிச்சு.
கூடவே குரல். சிரிப்புக்கு நடுவே
ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.
அந்தத் தட்டுக்கு அங்கே
அவர்கள் வைத்த பேர்,

சல்லி.

மூன்று தரம் போட்டுக் கேட்டோம்.
பிறகு நான் பேனையை எடுத்து,
வேறு விடயங்கள்: இல்லை
என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன்.